சிறகின் ஓரத்தில் இரு மடல்கள்
ஆகாய விமானம் சாய்வதும் திரும்புவதும்

ஆற்றில் செல்லும் படகைத் திருப்பவேண்டுமாயின் அதன் பின்புறத்துச் சுக்கானைத் திருப்பினால் போதும். சாலையில் செல்லும் மோட்டார் வண்டியைத் திருப்ப அதன் முன்சக்கரங்களைத் திருப்பினால் போதும். ஆகாய விமானத்தின் வாலிலும் ஒரு சுக்கான் இருக்கிறது. எனவே விமானமும் படகைப் போலச் சுக்கானைக் கொண்டே திரும்புகிறது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் சரியன்று. விமானம் முதலில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த காரணத்தாலேயே அப்பக்கம் திரும்புகிறது. வானில் வட்டமிடும் பருந்தைச் சற்று நேரம் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். அது ஒருபோதும் சமநிலையில் இருந்தபடியே வட்டமிடுவதில்லை. வட்டத்தின் உட்புறச் சிறகு தாழ்ந்தும் வெளிப்புறச் சிறகு உயர்ந்தும் இருக்கும்.

விமானத்தில் இச்சாய்வை உண்டாக்குபவை இரண்டு சிறு பலகைகள். இரு சிறகுகளின் பின்விளிம்பில், நுனியை ஒட்டி, ஒவ்வொன்றாகக் கீல் கொண்டு இவை பொருத்தப்பட்டிருக்கும். இவற்றுக்கு ஏலரான் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'சிறு சிறகு' என்பது இச்சொல்லின் பொருள். தமிழில் சிறகு மடல் என்று கூறலாம். உருவில் சிறியவையாயினும், பறக்கும் கலையில் இவற்றின் பங்கு பெரிது. இவை சரியான திசையில் அசைந்தால் விமானம் விமானியின் கைக்கு அடங்கி நடக்கும். திசை மாறி அசைந்தால் தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் விபத்து நேரும்.

மூன்று அச்சுக்கள்

தரையில் ஓடும் வண்டிக்கு இடம் வலம் என்ற ஒரே திருப்பந்தான் உண்டு. ஆகாயத்தில் மிதக்கும் பொருளோ மூன்று வகையில் திரும்பக்கூடும். விமானத்தின் மூக்கு மேலேறிக் கீழிறங்குவது ஒருவகை. மூக்கு இடப்புறமோ வலப்புறமோ திரும்புவது மற்றொருவகை. மூக்கிலிருந்து வால் வரை செல்லும் ஒரு கற்பனைக் கோட்டை அச்சாகக் கொண்டு, ஒரு சிறகு தாழ மறு சிறகு உயருமாறு விமானம் சுழல்வது மூன்றாம் வகை. இம்மூன்றாவதற்கு உருளல் என்று பெயர்.

மூக்கை ஏற்றியிறக்க, வாலில் படுக்கை வாட்டமாக உள்ள எலிவேட்டர் என்னும் பலகை பயன்படுகிறது. மூக்கைப் பக்கவாட்டில் திருப்ப, செங்குத்தாக நிற்கும் சுக்கான் பயன்படுகிறது. உருளலைக் கட்டுப்படுத்துவது ஏலரானின் வேலை. விமானி தம் முன்னுள்ள கட்டுப்பாட்டுக் கோலை முன்னும் பின்னும் அசைத்து எலிவேட்டரையும், இடமும் வலமும் அசைத்து ஏலரான்களையும் இயக்குகிறார். பெரிய விமானங்கள் பலவற்றில் கோலுக்குப் பதிலாகக் கைச்சக்கரம் இருக்கும். சுக்கான் காலடிப் பலகைகளால் இயக்கப்படுகிறது.

ஏலரான் வேலை செய்யும் விதம்

சிறகு காற்றைக் கிழித்துச் செல்லும்போது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விளைவாகச் சிறகின்மீது மேல்நோக்கிய விசை ஒன்று தோன்றுகிறது. இதுவே தூக்குவிசை. சிறகின் வளைவு மிகுந்தாலும், காற்றை எதிர்கொள்ளும் கோணம் மிகுந்தாலும், ஓர் எல்லைக்குட்பட்டுத் தூக்குவிசையும் மிகும். ஏலரான் கீழே இறங்கும்போது சிறகின் அப்பகுதியில் வளைவு கூடுகிறது. ஆகவே அங்கே தூக்குவிசையும் கூடுகிறது. ஏலரான் மேலே எழும்போது வளைவு குறைந்து, தூக்குவிசையும் குறைகிறது.

இரு ஏலரான்களும் எப்போதும் எதிர் எதிராகவே அசையுமாறு இணைக்கப்பட்டுள்ளன. விமானி கோலை இடப்புறம் சாய்த்தால் இடச் சிறகின் ஏலரான் மேலெழும். வலச் சிறகின் ஏலரான் கீழிறங்கும். இடச் சிறகில் தூக்குவிசை குறைகிறது. வலச் சிறகில் கூடுகிறது. ஆகவே இடச் சிறகு தாழ, வலச் சிறகு உயர, விமானம் இடப்புறமாக உருள்கிறது. எந்தப் பக்கம் சாயவேண்டுமோ அந்தப் பக்கத்து மடல் மேலே எழவேண்டும் என்பதே இதன் முழு விதி.

இம்மடல்கள் சிறகின் நுனியை ஒட்டி அமைக்கப்பட்டதற்குக் காரணம் நெம்புகோல் தத்துவமாகும். ஏற்றத்தின் கோடியில் ஏறி நிற்பவனின் எடை, அச்சுக்கு அருகில் நிற்பவனின் எடையைக் காட்டிலும் அதிகப் பயனைத் தருவது போன்றதே இது. உதாரணமாக, நடு அச்சிலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு சிறகில் 10 கிலோகிராம் விசை கூடி, மறு சிறகில் அதே தொலைவில் 10 கிலோகிராம் குறைந்தால், இரண்டும் சேர்ந்து 80 கிலோகிராம்-மீட்டர் திருப்புதிறனைத் தரும். அதே விசை 1 மீட்டர் தொலைவில் செயற்பட்டால் கிடைப்பது 20 மட்டுமே.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. கோலை இவ்வளவு சாய்த்தால் விமானம் இவ்வளவு கோணம் சாய்ந்து நிற்கும் என்பதல்ல கணக்கு. கோல் சாய்ந்திருக்கும் வரை விமானம் உருண்டுகொண்டே இருக்கும். கோலின் சாய்வு நிர்ணயிப்பது உருளும் வேகத்தையே ஆகும். உருளத் தொடங்கியதும், தாழ்ந்துசெல்லும் சிறகு காற்றைச் சற்று அதிகக் கோணத்திலும், உயர்ந்துசெல்லும் சிறகு சற்றுக் குறைந்த கோணத்திலும் சந்திக்கின்றன. இதனால் உருளலுக்கு எதிரான ஒரு தடை தோன்றுகிறது. ஏலரானின் திருப்புதிறனும் இத்தடையும் சமமானதும் உருளும் வேகம் நிலைபெறுகிறது. வேண்டிய சாய்வு வந்தவுடன் விமானி கோலை நடுநிலைக்குக் கொண்டுவருகிறார், உருளல் நின்றுவிடுகிறது, சாய்வு அப்படியே இருக்கிறது. மீண்டும் சமநிலைக்கு வரவேண்டுமாயின் கோலை எதிர்ப்புறம் சாய்க்கவேண்டும்.

சாய்ந்தால் ஏன் திரும்புகிறது?

விமானம் சமமாகப் பறக்கும்போது தூக்குவிசை நேர் மேல்நோக்கி நின்று எடையைத் தாங்குகிறது. விமானம் சாய்ந்தால் தூக்குவிசையும் அதனுடன் சாய்கிறது. சாய்ந்த விசையை இரு கூறுகளாகப் பிரிக்கலாம். செங்குத்தான கூறு எடையைத் தாங்குகிறது. படுக்கையான கூறு விமானத்தை வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கிறது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும்போது கயிறு எந்தப் பணியைச் செய்கிறதோ, அதனையே இக்கூறு இங்கே செய்கிறது. விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 30 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 640 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். 45 பாகை சாய்ந்தால் ஆரம் சுமார் 370 மீட்டராகக் குறையும்.

அப்படியானால் வாலிலுள்ள சுக்கானின் வேலை என்ன? அது விமானத்தின் மூக்கை வட்டப் பாதையோடு இணங்க வைக்கிறது. சாயாமல் சுக்கானை மட்டும் திருப்பினால் மூக்கு ஒரு பக்கம் நோக்க, உடல் பழைய திசையிலேயே சறுக்கிச் செல்ல முற்படும். வழுக்குத் தரையில் மாட்டு வண்டியின் சக்கரம் சறுக்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

சாய்வுக்கு ஒரு விலையும் உண்டு. தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் செலவாவதால், எடையைத் தாங்க மொத்தத் தூக்குவிசை கூடவேண்டும். 30 பாகைச் சாய்வில் அது எடையைப் போல் 1.15 மடங்காகவும், 45 பாகையில் 1.41 மடங்காகவும், 60 பாகையில் சரியாக இரு மடங்காகவும் இருக்கவேண்டும். இதற்காகவே விமானி திரும்பும்போது கோலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துச் சிறகின் கோணத்தைக் கூட்டுகிறார். இந்த எண்களில் ஓர் அபாயமும் மறைந்துள்ளது. அது பின்னர் விளக்கப்படும்.

முன்னோடிகள் கண்ட வழி

பறக்க முயன்ற முன்னோடிகளில் பலர் இயந்திர பலத்தைப் பெருக்குவதிலேயே கவனம் செலுத்தினர். சமநிலையைக் காக்கும் வழியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் சிலரே. ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ லிலியென்தால் இயந்திரமில்லாத மிதவை விமானங்களில் ஆயிரக்கணக்கான தடவை பறந்தவர். அவர் தம் உடலை இங்கும் அங்கும் நகர்த்தியே விமானத்தின் சமநிலையைக் காத்தார். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி அவருடைய விமானம் காற்றில் நிலை குலைந்து வீழ்ந்தது; மறுநாள் அவர் உயிர் நீத்தார். மனித உடலின் எடையைக் கொண்டு மட்டும் ஒரு பறக்கும் பொறியை அடக்கி ஆள முயல்வதன் அபாயத்தை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் தொழில் நடத்திவந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள் இப்பாடத்தை நன்கு கற்றனர். பறவைகள் சிறகு நுனிகளை முறுக்கிச் சமநிலை காப்பதை வில்பர் கவனித்திருந்தார். 1899-இல் ஒரு நாள், சைக்கிள் ட்யூப் வந்த நீண்ட அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியின் இரு முனைகளும் எதிர் எதிராக முறுக்கிக்கொள்வதைப் போல, விமானத்தின் சிறகுகளையும் கம்பிகளால் இழுத்து முறுக்கலாமே என்பதே அது. அவ்வாண்டே ஒரு காற்றாடியில் இம்முறையைச் சோதித்து வெற்றி கண்டனர். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி 12 விநாடி நேரம் பறந்து புகழ் பெற்ற அவர்களது விமானத்தில் ஏலரான் கிடையாது. சிறகு முழுவதுமே முறுக்கப்பட்டது.

சிறகை முறுக்குவதற்கு அது வளைந்துகொடுக்கும் தன்மையுடையதாக இருக்கவேண்டும். வேகமும் எடையும் பெருகப் பெருகச் சிறகுகள் உறுதியானவையாக வேண்டியிருந்தன. ஆகவே சிறகை அசையாமல் வைத்து, அதன் ஒரு பகுதியை மட்டும் அசைக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. மாத்யு பியர்ஸ் வாட் போல்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1868-லேயே இதனை ஒத்த கருத்துக்கு உரிமைப் பதிவு பெற்றிருந்தார். ஆனால் அக்காலத்தில் பறக்கும் விமானமே இல்லாமையால் அது மறக்கப்பட்டுவிட்டது. பிரான்சில் ராபர்ட் எஸ்னோ-பெல்ட்டரி 1904-இல் இவ்வகைப் பலகைகளைத் தம் மிதவை விமானத்தில் பொருத்திச் சோதித்தார். 1908-இல் தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தலைமையில் இயங்கிய குழுவினர், க்ளென் கர்டிஸ் முதலியோரின் முயற்சியால், சிறகு நுனிகளில் ஏலரான் பொருத்திய விமானங்களைப் பறக்கவிட்டனர். விமானி தம் தோளைச் சாய்த்தால் மடல்கள் அசையும்படி அவற்றில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. சிறகை முறுக்கும் முறைக்கு 1906-இல் உரிமை பெற்றிருந்த ரைட் சகோதரர்கள், ஏலரானும் தம் உரிமைக்கு உட்பட்டதே என்று வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1917-இல் அமெரிக்க விமானத் தொழிலினர் உரிமைகளைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு வந்தபின்னரே பூசல் ஓய்ந்தது. அதற்குள் சிறகை முறுக்கும் முறை பெரும்பாலும் கைவிடப்பட்டு, ஏலரானே எங்கும் நிலைபெறலாயிற்று.

முதற் குறை: எதிர்ப்புறம் திரும்பும் மூக்கு

ரைட் சகோதரர்கள் 1901-இல் தம் மிதவை விமானத்தில் வியப்பான ஒன்றைக் கண்டனர். இடப்புறம் சாய்த்தால் விமானத்தின் மூக்கு சில வேளைகளில் வலப்புறம் திரும்ப முற்பட்டது. இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். ஏலரான் கீழிறங்கும் சிறகில் தூக்குவிசை கூடும்போது, காற்று அச்சிறகைப் பின்னுக்கிழுக்கும் விசையும் கூடுகிறது. ஆதலால் உயர்ந்து செல்லும் சிறகு பின்தங்கி, மூக்கைத் தன் பக்கம் இழுக்கிறது. திரும்ப எண்ணிய திசைக்கு எதிர்த்திசையில் மூக்கு செல்கிறது. 1902-இல் அச்சகோதரர்கள் வாலில் அசையும் சுக்கான் ஒன்றை அமைத்து, அதனைச் சிறகு முறுக்கும் கம்பிகளோடு இணைத்து இக்குறையை நீக்கினர். விமானத்தில் சுக்கான் அமைந்ததன் உண்மையான நோக்கம் இதிலிருந்து விளங்கும்.

பின்னர் வேறு பரிகாரங்களும் காணப்பட்டன. இரு மடல்களும் சம அளவில் அசையாமல், மேலெழும் மடல் அதிகமாகவும், கீழிறங்கும் மடல் குறைவாகவும் அசையுமாறு இணைப்பது ஒரு வழி. இந்திய விமானப் படையும் பறக்கும் சங்கங்களும் பயிற்சிக்காகப் பயன்படுத்திவந்த டைகர் மாத் விமானத்தில் இம்முறையே இருந்தது. மற்றொரு வழியை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனத்துப் பொறியியலாளர் லெஸ்லி ஃப்ரைஸ் அமைத்தார். மடல் மேலெழும்போது அதன் முன்விளிம்பு சிறகின் அடிப்பக்கம் சற்று வெளியே நீண்டு காற்றைத் தடுக்கும். ஆகவே தாழும் சிறகிலும் பின்னிழுப்புக் கூடி, இரு பக்கமும் சமமாகிறது. இவற்றால் குறை பெரிதும் தணிந்ததாயினும் முற்றும் ஒழியவில்லை. எனவே சிறு விமானங்களில் பயிலும் மாணவ விமானிக்குக் கையும் காலும் சேர்ந்து இயங்கும் பழக்கம் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாம் குறை: வேகம் குன்றிய வேளையில்

காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. அவ்வெல்லையைக் கடந்தால் காற்றோட்டம் சிறகின் மேற்பரப்பை விட்டு விலகி, தூக்குவிசை திடீரெனக் குறைந்துவிடும். விமானிகள் இதனை ஸ்டால் என்பர். விமானம் மெதுவாகப் பறக்கும்போது, எடையைத் தாங்கும்பொருட்டுச் சிறகு ஏற்கனவே அவ்வெல்லையின் அருகில் இருக்கும். அந்நிலையில் ஒரு சிறகு சற்றுத் தாழ்ந்தால், அதனை உயர்த்த எண்ணும் விமானி இயல்பாகக் கோலை மறுபுறம் சாய்ப்பார். தாழ்ந்த சிறகின் ஏலரான் கீழிறங்கும். அதனால் அப்பகுதியின் கோணம் மேலும் கூடி எல்லையைக் கடந்துவிடும். சிறகு உயர்வதற்குப் பதிலாக முழுவதும் தாழ்ந்து, விமானம் பம்பரம் போல் சுழன்று வீழத் தொடங்கும்.

முன்னர்க் கூறிய எண்களின் அபாயம் இங்கேதான் வெளிப்படுகிறது. சமமாகப் பறக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் நிலையை அடையும் விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் 95 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்நிலையை அடையும். 60 பாகையில் 113 கிலோமீட்டர் வேகத்திலேயே அடைந்துவிடும். தரையிறங்கும் பாதைக்குத் திரும்பும் வேளையில் வேகமும் குறைவு, உயரமும் குறைவு. அங்கே மிகையாகச் சாய்ந்து திரும்புவது உயிருக்கே ஆபத்தாகும். முதலில் கோலை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தி, கோணத்தைக் குறைத்து, அதன் பிறகே சாய்வைத் திருத்தவேண்டும் என்பது பயிற்சியில் கற்பிக்கப்படும் விதி. சிறகை அமைப்போரும் தம் பங்கைச் செய்துள்ளனர். சிறகின் நுனி, அடிப்பகுதியைக் காட்டிலும் சற்றுக் குறைந்த கோணத்தில் இருக்கும்படி மெல்ல முறுக்கி அமைக்கின்றனர். அதனால் அடிப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும். நுனியிலுள்ள ஏலரான் மேலும் சிறிது நேரம் பயன் தரும்.

மூன்றாம் குறை: வேகம் மிகுந்த வேளையில்

வேகம் மிகுதியானாலும் தொல்லை உண்டு. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஸ்பிட்பயர் என்னும் ஆங்கிலப் போர் விமானத்தின் ஏலரான்கள் துணியால் மூடப்பட்டிருந்தன. அதிவேகத்தில் கோலை அசைப்பதே விமானிக்குப் பெரும்பாடாயிற்று. உலோகத் தகடு போர்த்திய ஏலரான்களைப் பொருத்திய பின்னர் நிலைமை சீரடைந்தது.

இதனினும் விசித்திரமான விளைவு ஒன்றுண்டு. சிறகு நுனியில் கீழிறங்கிய ஏலரானைக் காற்று மேல்நோக்கித் தள்ளும்போது, அது சிறகின் பின்விளிம்பை உயர்த்தி, முன்விளிம்பைத் தாழ்த்தும் வகையில் சிறகையே முறுக்கப் பார்க்கிறது. சிறகு முறுக்கிக்கொண்டால் அதன் கோணம் குறைந்து தூக்குவிசையும் குறையும். வேகம் கூடும்போது காற்றின் விசை பெருகுகிறது. சிறகின் உறுதியோ பெருகுவதில்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஏலரானின் பயன் சூனியமாகி, அதற்கு மேற்பட்ட வேகத்தில் எதிர்மாறாகிவிடும். இடப்புறம் சாய்க்க எண்ணினால் வலப்புறம் சாயும். நீண்டு மெலிந்த பின்சாய்ந்த சிறகுகளையுடைய அமெரிக்க பி-47 குண்டுவீச்சு விமானத்தில் இத்தொல்லை நன்கு அறியப்பட்டது. போயிங் 747 போன்ற பெரும் விமானங்களில் ஒவ்வொரு சிறகிலும் இரண்டு ஏலரான்கள் உண்டு. தரையிறங்கும் வேளை போன்ற குறைந்த வேகத்தில் இரண்டும் இயங்கும். அதிவேகத்தில் வெளிப்புற மடல் அசையாமல் பூட்டப்பட்டு, சிறகு உறுதியாக இருக்கும் உட்பகுதியிலுள்ள மடல் மட்டும் இயங்கும். சிறகின் மேற்பரப்பில் எழும் தடுப்புப் பலகைகளும் உடன் உதவும்.

விஞ்ஞானம் சில வேளைகளில் பழைய பாதைக்கே திரும்பி வருவதும் உண்டு. சிறகு முறுக்கிக்கொள்வதைக் குறையாகக் கருதாமல், அதையே உருளலுக்குப் பயன்படுத்தலாமா என்று அமெரிக்காவில் எக்ஸ்-53 என்னும் விமானத்தைக் கொண்டு 2002 முதல் சில ஆண்டுகள் சோதனை நடைபெற்றது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரைட் சகோதரர்கள் கையாண்ட தத்துவத்தின் புதிய வடிவமே அது.

நம் நாட்டு விமானங்களில்

இந்தியாவில் வகுத்தமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. டாக்டர் வி. எம். காட்டகே அதன் அமைப்பாளர். டைகர் மாத் விமானத்தின் இடத்தை அது நிரப்பியது. பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆராய்ச்சி நிலையத்தினர் அமைத்த ஹன்சா என்னும் இருவர் அமரும் சிறு விமானம் 1993-இல் பறந்தது. இவை இரண்டிலும் மேற்கூறிய முறைப்படியே ஏலரான்கள் அமைந்துள்ளன. 2001 ஜனவரி 4-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் அமைப்பு வேறு. அதன் சிறகு முக்கோண வடிவமானது. படுக்கை வால் கிடையாது. எனவே சிறகின் பின்விளிம்பிலுள்ள பலகைகளே இரு வேலைகளையும் செய்கின்றன. இரு பக்கமும் ஒன்றாக அசைந்தால் மூக்கு ஏறி இறங்கும். எதிர் எதிராக அசைந்தால் விமானம் உருளும். விமானியின் கையசைவை மின்கம்பிகள் வழியாகக் கணிப்பொறி ஏற்று, எந்தப் பலகை எவ்வளவு அசையவேண்டும் என்று கணக்கிட்டு இயக்குகிறது. ஆயினும் அடிப்படை விதி மாறவில்லை.

ஒரு பார்வையில் காக்கப்படும் உயிர்

இவ்விதி எவ்வளவு எளிதோ, அதனை மறப்பதன் விளைவு அவ்வளவு கொடிது. ராய் சாட்விக் என்பவர் லங்காஸ்டர் விமானத்தை அமைத்துப் புகழ் பெற்ற ஆங்கிலப் பொறியியலாளர். 1947 ஆகஸ்டு 23-ஆம் தேதி, தாம் அமைத்த ட்யூடர் வகை விமானம் ஒன்றின் சோதனைப் பயணத்தில் அவரும் உடன் சென்றார். உட்ஃபோர்டு விமானத் தளத்திலிருந்து எழுந்தவுடனேயே அது தரையில் மோதிச் சிதைந்தது. சாட்விக்கும் விமானியும் உட்பட நால்வர் மாண்டனர். முன்னதாக நடந்த பராமரிப்பு வேலையின்போது ஏலரான் கம்பிகள் இடம் வலம் மாற்றி இணைக்கப்பட்டிருந்ததே காரணமென்று பின்னர்த் தெரியவந்தது.

எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் இத்தவறு மீண்டும் நிகழ்ந்தது. 2018 நவம்பர் 11-ஆம் தேதி, போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் அருகே பராமரிப்பு முடிந்து எழுந்த எம்பிரேயர் வகை ஜெட் விமானம் ஒன்று விமானிகளின் கைக்கு அடங்காமல் தாறுமாறாக உருண்டது. அதன் ஏலரான் கம்பிகளும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. உள்ளே அறுவர் இருந்தனர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி, பெஜா விமானத் தளத்தில் விமானிகள் அதனை இறக்கினர். உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அவ்விமானம் மீண்டும் பறக்கும் நிலையில் இல்லாதபடி பழுதுற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தவிர்க்கத்தக்கவை. மடல்கள் தடையின்றி அசைகின்றனவா என்று மட்டும் பார்ப்பது போதாது. சரியான திசையில் அசைகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். மாற்றி இணைத்த மடல்களும் தடையின்றியே அசையும். ஆகவே ஒருவர் விமானி அறையில் அமர்ந்து கோலை அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று சிறகைக் கண்ணால் காண்பதே பாதுகாப்பான முறையாகும். விமானிகளிடையே வழங்கும் எளிய குறிப்பு ஒன்றுண்டு. கட்டைவிரல் மேல்நோக்கி நிற்கும்படி கோலைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்தால், கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து மடல் மேலே எழுந்திருக்கவேண்டும்.

பராமரிப்போர் கவனிக்கவேண்டிய மற்றொன்று மடலின் எடைச் சமநிலை. பல விமானங்களில் கீலுக்கு முன்புறம் சிறு எடை பொருத்தப்பட்டிருக்கும். மடலின் பின்பகுதி கனத்துப்போனால், அதிவேகத்தில் அது கொடிபோல் படபடத்துச் சிறகையே முறித்துவிடக்கூடும். ஒட்டு வேலையோ மறு வர்ணப் பூச்சோ செய்த பின்னர், மடலின் எடைச் சமநிலையை மீண்டும் சோதிப்பது இதற்காகவே.

வகுப்பறையில் ஒரு சோதனை

இத்தத்துவத்தைச் செலவின்றி மாணவர்களுக்குக் காட்டலாம். 30 செண்டிமீட்டர் நீளமும் 8 செண்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டி அட்டை ஒன்றே சிறகு. அதன் நடுவில், அகலவாட்டில், காலியான பேனா மைக்குழல் ஒன்றை ஒட்டவேண்டும். குழலுக்குள் மெல்லிய நேரான கம்பியை நுழைத்து, அட்டை நழுவாமலிருக்கக் கம்பியின் பின்முனையில் தக்கையொன்றைச் செருகவேண்டும். அட்டையின் பின்விளிம்பில், இரு கோடிகளிலும், 6 செண்டிமீட்டர் நீளமும் 2 செண்டிமீட்டர் அகலமும் உள்ள மடல் மடியுமாறு வெட்டிக்கொள்ளவேண்டும். கம்பியை மேசை மின்விசிறிக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்து, முன்விளிம்பில் காற்றுப் படும்படி செய்யவேண்டும். விசிறியின் காற்று சற்றுச் சுழன்று வருவதால் அட்டை தானே சுழல முற்படலாம். விசிறியிலிருந்து விலகி நின்றும், மடல்களை இலேசாக வளைத்தும் முதலில் அதனை நிலைப்படுத்திக்கொள்ளவேண்டும்.

பின்னர் ஒரு மடலை மேலும் மற்றொன்றைக் கீழும் வளைத்தால், மேலெழுந்த மடலுள்ள பக்கம் தாழ்ந்து அட்டை சுழலத் தொடங்கும். வளைவை அதிகமாக்கினால் சுழற்சி விரைவாகும். மாற்றி வளைத்தால் எதிர்த்திசையில் சுழலும். மடல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை சுழற்சி நிற்காது. ஏலரான் தீர்மானிப்பது சாய்வின் அளவையன்று, சாயும் வேகத்தையே என்பது சொல்லின்றியே மாணவர்களுக்கு விளங்கிவிடும். சோதனையைத் தொடங்குமுன், எந்தப் பக்கம் தாழும் என்று ஒவ்வொரு மாணவனையும் எழுதிவைக்கச் சொல்வது நன்று. விடையைப் பிறர் சொல்லக் கேட்டு ஏற்காமல், மடலின் திசையையும் சிறகின் திசையையும் தன் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கே பிறக்கும். விமானப் பணிமனையில் உயிரைக் காப்பதும் அதே பழக்கந்தான்.